மன அழுத்தமும் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் என்று தெரிந்த வீட்டில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழும். மருத்துவரிடம் கேட்கத் தயங்கி, வெளியே வந்து நர்ஸிடமோ கவுன்சிலரிடமோ பக்கத்துப் படுக்கைக்காரரிடமோ கேட்கப்படும் கேள்விகள் அவை. கேட்பவர்கள் கேட்கும் விதத்திலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். கீழே போகப் போகக் கேள்விகள் சிக்கலாகும், அதனால் முதலிலிருந்து படிப்பது நல்லது.

டென்ஷன் ஜாஸ்தியானா கேன்சர் வருமா, வராதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

மன அழுத்தம் மட்டுமே காரணமாகி ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது என்று சொல்ல, மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. புகையிலை, மது, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் போன்றவற்றுக்கு இருக்கும் ஆதாரத்தின் பக்கத்தில்கூட இது வராது.

"அப்படியென்றால் சம்பந்தமே இல்லை" என்றும் முடித்துவிட முடியாது. அழுத்தம் நம் பழக்கங்களை மாற்றுகிறது, நோயைக் கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்துகிறது, சிகிச்சையைப் பாதியில் விடவைக்கிறது. இந்த மூன்றும் உண்மையான ஆபத்துகள்.

எந்த ஸ்ட்ரெஸைச் சொல்றீங்க? டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாலும் டென்ஷன்தானே?

அது வந்து போகும் அழுத்தம். அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடக்கும், வீடு வந்து காபி குடித்ததும் அடங்கிவிடும். உடம்பு அதற்காகவே அமைந்தது.

இங்கே பேசுவது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விடாமல் இருப்பதைப் பற்றி. தீராத கடன், வீட்டில் அடி உதை, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வது, எந்த நேரமும் போகக்கூடிய வேலை போன்றவை. இந்த நிலையில் கார்டிசால், நார்அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ஏறி இறங்கும் தாளம் குலைகிறது. தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, நோய் எதிர்ப்பு அணுக்களின் நடத்தையும் மாறுகிறது. இதயத்துக்கு இதனால் கெடுதல் என்பதற்குச் சான்று வலுவானது. புற்றுநோயில் கதை அவ்வளவு நேரானதாக இல்லை.

அக்கா வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம்கூட ஆகல, அக்காவுக்கு மார்புல கட்டி. இது எப்படி தற்செயலா இருக்க முடியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் தட்டுப்படும் 1 செ.மீ. கட்டியில் ஏறக்குறைய 100 கோடி செல்கள் இருக்கும். ஒரே செல்லில் தொடங்கி அந்த அளவுக்கு வர, சுமார் 30 முறை இரட்டிப்பாக வேண்டும். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 100 நாள் என்று வைத்தால் 3,000 நாள், அதாவது 8 வருடத்துக்கும் மேல். கட்டிக்குக் கட்டி இந்த வேகம் மாறும். ஆனால் போன வருடத் துக்கம் இந்த வருடம் மார்பில் கட்டியாக முளைப்பதற்குக் காலம் போதாது. பெரும்பாலும், அவர் கணவர் உயிரோடு இருந்தபோதே அது உள்ளே இருந்திருக்கும்.

நினைவும் நம்மை ஏமாற்றும். நோய் வந்ததும் மனசு பின்னோக்கிப் போய்க் காரணம் தேடும், நாற்பது ஐம்பது வயதுக்காரர் யார் தேடினாலும் ஒரு சாவு, ஒரு சண்டை, ஒரு நஷ்டம் கிடைக்காமல் போகாது. அதே துக்கத்தைப் பார்த்தும் கட்டி வராதவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

டென்மார்க்கில் அப்படிக் கணக்கெடுத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த 21,000-க்கும் மேற்பட்ட பெற்றோரை மற்ற பெற்றோரோடு ஒப்பிட்டு, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். தாய்மாரிடம் புற்றுநோய் ஆபத்து சற்றே கூடியிருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் தெரிந்தது புகைபிடித்தலோடு தொடர்புள்ள புற்றுநோய்களில்தான். மார்பகப் புற்றுநோயில் கூடவில்லை.

ஒரு ஆராய்ச்சி ஆமாங்குது, இன்னொண்ணு இல்லைங்குது. எதை நம்பறது?

முரண் உண்மைதான். பின்லாந்தில் சுமார் 10,800 பெண்களை 15 வருடம் தொடர்ந்த ஆய்வு ஒன்று, விவாகரத்து, கணவரின் மரணம் போன்ற பெரிய அடிகளுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக 2003-ல் சொன்னது. ஆனால் அதில் நோய் வந்தவர்கள் 180 பேர்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சில பேர் கூடினாலோ குறைந்தாலோ முடிவு ஆடிவிடும். பிறகு பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வில் அப்படிப்பட்ட சீரான தொடர்பு கிடைக்கவில்லை.

வேலை அழுத்தத்தைப் பற்றிய பெரிய கணக்கு 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 12 ஐரோப்பிய ஆய்வுகள், 1,16,000 பேர், சராசரியாக 12 வருடக் கண்காணிப்பு, அதற்குள் 5,765 பேருக்குப் புற்றுநோய். வேலைப் பளு மிகுந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. குடல், நுரையீரல், மார்பகம், புராஸ்டேட் என்று தனித்தனியாகப் பார்த்தபோதும் இல்லை.

செய்தியைப் படிக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, அழுத்தத்தை எப்போது கேட்டு எழுதினார்கள்? நோய் வந்த பிறகு கேட்டிருந்தால் முந்தைய பதிலில் சொன்ன நினைவுக் கோளாறு உள்ளே புகுந்திருக்கும். இரண்டாவது, புகை, மது, எடை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தார்களா? இந்த இரண்டிலும் தேறாத ஆய்வின் தலைப்புச் செய்தியை ஃபார்வர்டு செய்யாமல் இருக்கலாம்.

அப்போ ஸ்ட்ரெஸ் வேற எந்த வழியில உள்ள வருது?

பழக்கத்தின் வழியாக. மன இறுக்கத்தில் இருப்பவர் நாளுக்கு நாலு சிகரெட்டைப் பத்தாக்குவார். குடி வாரக்கடைசியிலிருந்து தினசரிக்கு வரும். வாயில் புகையிலை அடக்குவது கூடும். புகையிலையும் மதுவும் மட்டுமல்ல, புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான காரணியாக வைத்திருக்கிறது. "வெறும் பாக்குதானே" என்பது எடுபடாது. நடை நிற்பது, ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா, ஏறும் எடை ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

2023-ல் வெளியான ஒரு தொகுப்பு இதைத் தெளிவாகக் காட்டியது. நெதர்லாந்து, பிரிட்டன், நார்வே, கனடாவைச் சேர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மொத்தப் புற்றுநோயைக் கூட்டவில்லை. நுரையீரல் போன்ற புகை சார்ந்த புற்றுநோய்களில் மட்டும் தொடர்பு தெரிந்தது. புகைபிடித்தல் முதலானவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதுவும் பெருமளவு சுருங்கிவிட்டது.

எனவே அழுத்தத்தைக் குறைக்கும் வரை காத்திருந்து பிறகு புகையை விடலாம் என்று திட்டம் போடாதீர்கள். புகையை விடுவதுதான் அவசரம். தேசியப் புகையிலை ஒழிப்பு உதவி எண் 1800 112 356, கட்டணம் இல்லை.

உடம்பு இளைக்குது, அசதியா இருக்கு. எல்லாம் டென்ஷன்தான்னு வீட்ல சொல்றாங்க. விட்டுடலாமா?

விடக்கூடாது. இந்த முழுப் பக்கத்திலும் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். "டென்ஷன்" என்ற பெயரில் மாதக்கணக்கில் தள்ளிப்போடப்படும் அறிகுறிகள் பல.

முயற்சி எதுவும் இல்லாமல் 6 மாதத்தில் எடையில் 5 சதவீதம் குறைந்தால் (60 கிலோ என்றால் 3 கிலோ) பரிசோதனை தேவை. 3 வாரத்துக்குள் ஆறாத வாய்ப்புண், 3 வாரம் தாண்டிய இருமல் அல்லது குரல் கம்மல், மார்பிலோ கழுத்திலோ அக்குளிலோ கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, மலத்தில் ரத்தம், விழுங்கும்போது அடைப்பு ஆகியவற்றுக்கும் அப்படியே. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருக்காது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது பரிசோதனை. மலத்தில் ரத்தம் என்றால் மூலம் என்று தாமே முடிவுகட்டி, கடையில் மருந்து வாங்கி ஒரு வருடம் ஓட்டுபவர்கள் நிறைய.

கோபத்தை வெளிய காட்டாம உள்ளயே அடக்கிறவங்களுக்குத்தான் கேன்சர் வருமாமே?

மிகப் பழைய நம்பிக்கை. சோர்ந்த மனமுள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே ரோமாபுரி மருத்துவர் கேலன் எழுதிவைத்தார். இருபதாம் நூற்றாண்டில் அது "புற்றுநோய்க்கு ஏற்ற சுபாவம்" என்று புதுச்சட்டை போட்டு வந்தது. பிரபல உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் தன் சகாவோடு சேர்ந்து சுபாவத்துக்கும் புற்றுநோய்க்கும் நம்ப முடியாத அளவு பெரிய தொடர்பைக் காட்டினார். நம்ப முடியாத என்பது இங்கே நேர் அர்த்தத்தில். அவர் பணிபுரிந்த லண்டன் கிங்ஸ் கல்லூரியே 2019-ல் விசாரித்து, அவர்கள் சேர்ந்து எழுதியவற்றில் 26 கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று அறிவித்தது.

சுவீடனிலும் பின்லாந்திலும் சுமார் 60,000 பேரின் சுபாவத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, பல வருடம் கழித்து யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தார்கள். தொடர்பு எதுவும் இல்லை.

எலிக்கு ஸ்ட்ரெஸ் கொடுத்தா கேன்சர் வேகமா பரவுதுன்னு படிச்சேன். எலிக்கு ஆகறது நமக்கு ஆகாதா?

நீங்கள் படித்தது சரியான செய்திதான். 2006-ல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், சூல்பை (ஓவரி) புற்றுநோய்ச் செல்களை எலிகளுக்குச் செலுத்தி, அவற்றைத் தினமும் நகர முடியாதபடி அடைத்து வைத்தார்கள். அழுத்தத்தில் இருந்த எலிகளின் கட்டியில் ரத்தக் குழாய்கள் அதிகம் முளைத்தன, கட்டியும் பெருத்தது. ப்ராப்ரனலால் என்ற மருந்தால் நார்அட்ரினலின் ஒட்டும் இடத்தை அடைத்ததும் அந்த விளைவு நின்றது. 2010-ல் மார்பகக் கட்டி எலிகளிடம் இன்னொரு விஷயம் தெரிந்தது: முதல் கட்டி வளரவில்லை, ஆனால் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது 30 மடங்கு கூடியது.

ஆக, கவனிக்க வேண்டிய இடம் புதிதாக நோய் தோன்றுவதில் இல்லை, இருக்கும் நோய் பரவுவதில் இருக்கிறது. ஆய்வாளர்கள் இதைத் தீவிரமாகத் தொடர்கிறார்கள். ஆனாலும் எலிக்குச் செல்களை ஊசியில் ஏற்றுகிறார்கள், நமக்குக் கட்டி வருடக்கணக்கில் தானாக உருவாகிறது. எலிக்குத் தப்ப வழியே இல்லை. நமக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் இருக்கின்றன. எலியில் கிடைத்த 30 மடங்கை மனிதருக்குப் பெருக்கிப் போட்டுப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

அந்த ப்ராப்ரனலால் மாத்திரை மலிவாச்சே, கேட்டு வாங்கிப் போடலாமா?

வேண்டாம். மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் அறுவை சிகிச்சைக்கு முன் இதைக் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனைகள் உண்டு. ஒன்றில் 60 பேர், ஒரே வாரம். கட்டியின் மரபணுக் குறியீடுகளில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆயுள் கூடியதா என்பதற்கு அது விடையல்ல.

ஆஸ்துமா இருப்பவருக்கு இந்த மாத்திரை மூச்சை இறுக்கிவிடும். நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவருக்கு இன்னும் இறங்கும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். வழக்கமாகப் போடுபவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கோ கைநடுக்கத்துக்கோ மருத்துவர் ஏற்கெனவே தந்திருந்தால் அப்படியே தொடருங்கள்.

எல்லாரும் "பாசிட்டிவா இரு, சரியாயிடும்"ங்கறாங்க. அழுதா நோய் ஏறிடுமா?

ஏறாது. அழலாம்.

மனசைத் தேற்றினால் ஆயுள் கூடும் என்ற எண்ணத்துக்கு வலுச்சேர்த்த ஆய்வு ஒன்று உண்டு. 1989-ல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களைக் கவனித்தார். வாராவாரம் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதமும், மற்றவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்தார்கள். உலகமே பேசியது. 2001-ல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே செய்தபோது ஆயுளில் வித்தியாசம் இல்லை. 2007-ல் ஸ்பீகலே 125 பேரிடம் திரும்பச் செய்தும் ஒட்டுமொத்தமாக ஆயுள் கூடவில்லை. ஆனால் கனடாப் பெண்களிடம் மனவேதனையும் வலியும் குறைந்தன. கவுன்சிலிங் போகச் சொல்வது அதற்காகத்தான், அதுவே போதுமான காரணம்.

ரத்தத்துல கார்டிசால் டெஸ்ட் எடுத்தா ஸ்ட்ரெஸ் எவ்வளவுன்னு தெரியுமா?

தெரியாது. கார்டிசால் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்கும். ஊசிக்குப் பயந்தாலே ஏறும். அட்ரினல் சுரப்பி நோய்களைக் கண்டுபிடிக்க அது உதவும், மனசை அளக்க உதவாது. ஹெல்த் பேக்கேஜில் சேர்த்து விற்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

புற்றுநோய் மையங்கள் மனசை அளக்கக் காகிதமும் பேனாவும் போதும் என்று வைத்திருக்கின்றன. தெர்மாமீட்டர் மாதிரிப் படம், 0 முதல் 10 வரை கோடு. "இன்று உட்பட கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு வேதனை?" என்பதற்கு வட்டமிட வேண்டும். பக்கத்தில் பணம், பயணம், பிள்ளைகள், தூக்கம், வலி, பயம் என்று பட்டியல் இருக்கும், பொருந்துவதை டிக் அடிக்க வேண்டும். 4 அல்லது மேலே என்றால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். பல நேரம் 8 போட்டவருக்குத் தேவைப்படுவது மாத்திரையாக இருக்காது. பஸ் செலவுக்கு வழியோ, கீமோ நாளில் குழந்தையைப் பார்க்க ஒரு ஆளோ கிடைத்தால் எண் இறங்கிவிடும்.

கார்டிசால் கெட்டதுன்னா, கீமோ அன்னிக்கு ஸ்டீராய்டு ஏன் போடறாங்க?

நல்ல கேள்வி. கீமோ அன்று போடும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கார்டிசாலின் குடும்பம்தான், அதைவிடப் பல மடங்கு வீரியம் உள்ளது. வாந்தியைத் தடுக்கவும், சில கீமோ மருந்துகளின் அலர்ஜியைத் தடுக்கவும் ஓரிரு நாள் தருகிறார்கள். லிம்ஃபோமா, மைலோமா போன்ற சில ரத்தப் புற்றுநோய்களில் ஸ்டீராய்டே புற்றுச் செல்லைக் கொல்லும் மருந்து. ஒரே ஹார்மோன் ஓரிடத்தில் மருந்தாகவும் இன்னோரிடத்தில் சந்தேகத்துக்குரியதாகவும் இருப்பதால்தான் "கார்டிசால் ஏறினால் கேன்சர்" என்ற ஒற்றை வரி தவறு.

அந்த நாட்களில் தூக்கம் வராமல் போவதும், எரிச்சலும், சர்க்கரை ஏறுவதும் மருந்தின் வேலை. மாத்திரையைக் காலையிலோ மதியத்துக்குள்ளோ போட முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

டமாக்சிஃபென் சாப்பிடறேன். மனசுக்கும் மாத்திரை போட்டா ஒண்ணோட ஒண்ணு மோதுமா?

சில மோதும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபென் மாத்திரை கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழு வீரியம் பெறுகிறது. பாராக்செடின், ஃபுளுவாக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் அந்த நொதியை வலுவாக அடைக்கின்றன. புகையை விடத் தரப்படும் புப்ரோபியானும் அப்படியே. வென்லாஃபாக்சின் போன்றவை அவ்வளவாக அடைப்பதில்லை. உடம்பு திடீரென்று சூடாகி வியர்ப்பதையும் வென்லாஃபாக்சின் குறைக்கும்.

ஏற்கெனவே பாராக்செடின் போடுபவர் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்தக்கூடாது, தலைசுற்றலும் பதற்றமும் வரும். மனநல மருத்துவரிடம் புற்றுநோய்ச் சீட்டையும், புற்றுநோய் மருத்துவரிடம் மனநலச் சீட்டையும் காட்டுங்கள். இருவரும் வேறு வேறு ஆஸ்பத்திரி என்றால் இந்த மோதல் கண்ணில் படாமலே போகும். அஸ்வகந்தா சூரணம் போன்றவற்றுக்கும் இது பொருந்தும்: அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, கீமோ நடக்கும்போது அந்த ஆபத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். பாட்டிலையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

நைட் ஷிஃப்ட் கேன்சர் வரவைக்கும்னு லிஸ்ட்லயே போட்டிருக்காங்களே, அது ஸ்ட்ரெஸ் இல்லையா?

மேலே சொன்ன புற்றுநோய் ஆய்வு முகமையில் இரவு வேலையை 2007-லும், மறுபடி 2019-லும், "காரணமாக இருக்க வாய்ப்புண்டு" என்ற 2ஏ பிரிவில் வைத்தார்கள். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. பிரிவு என்பது ஆதாரத்தின் உறுதியைச் சொல்வது, ஆபத்தின் அளவை அல்ல. அங்கே சந்தேகம் உடம்பின் பகல் இரவுக் கடிகாரம் குலைவதன் மேல், வேலை டென்ஷன் மேல் இல்லை.

அப்பாவுக்கு கேன்சர்னு சொல்லாம வெச்சிருக்கோம். சொன்னா அந்த அதிர்ச்சியிலயே நோய் முத்திடுமே?

உண்மையைச் சொன்னதால் கட்டி வளர்ந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. மறைப்பதால் வரும் சிக்கல்களோ கண்ணெதிரே நடப்பவை. "வயித்துல புண்" என்று நம்பும் மனிதர், முடி கொட்ட வைக்கும் மருந்தை ஏன் தொடர வேண்டும்? மூன்றாவது தடவையோடு "போதும்" என்பார். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதன் அவசரம் அவருக்குப் புரியாது. வார்டு போர்டும் பக்கத்துப் படுக்கைக்காரரும் எப்படியும் சொல்லிவிடுவார்கள். அப்போது நோயோடு, பிள்ளைகள் மறைத்தார்கள் என்ற கசப்பும் சேரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டவும் தேவையில்லை. முதலில் கேளுங்கள்: "அப்பா, ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு நீங்களே டாக்டர்கிட்ட பேசறீங்களா, இல்ல நாங்க பேசிக்கட்டுமா?" சிலர் "நீங்களே பாத்துக்கோங்கப்பா" என்பார்கள். அது அவர் முடிவு, மதிக்கலாம். தெரிய வேண்டும் என்றால் மருத்துவரையே சொல்ல வையுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

பாத்துக்கற எனக்குத்தான் தூக்கமே இல்ல. எனக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

முதல் பதில் உங்களுக்கும் பொருந்தும்: இந்த அலைச்சல் மட்டுமே புற்றுநோயை வரவைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் தூக்கத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் படுங்கள். 20 நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், போனைத் தொடாதீர்கள். மதியத் தூக்கம் அரை மணியைத் தாண்ட வேண்டாம். முதல் வாரம் இன்னும் மோசமாகத் தோன்றும், பெரும்பாலானோர் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

வாரத்தில் 150 நிமிட நடை உங்களுக்கும் நோயாளிக்கும் நல்லது. எலும்புக்குப் பரவியிருந்தாலோ ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தாலோ மட்டும் நோயாளி முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே அழையுங்கள்.

"இருபது வருஷம் உங்க பாட்டிகிட்ட பட்ட பாடுதான் எனக்கு இப்படி ஆச்சு"ன்னு அம்மா சொல்றாங்க. இல்லம்மான்னு வாதாடணுமா?

வாதாட வேண்டாம். அவர் பட்டது உண்மை, அதைக் கேட்க ஒரு காது வேண்டும். மருத்துவக் காரணமாக அதைக் குடும்பம் ஏற்றுக்கொண்டு நின்றுவிடுவதில்தான் பிரச்சினை. "கவலையால் வந்தது" என்று ஃபைலை மூடிவிட்டால், பரம்பரையில் ஏதும் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சித்திக்கும் அதே மார்பகப் புற்றுநோய் என்றால், "அவளுக்கும் புருஷன் சரியில்ல" என்று அதற்கும் ஒரு கதை தயாராக இருக்கும்.

50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சூல்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு நோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பிஆர்சிஏ மரபணுச் சோதனை (மார்பக, சூல்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பரம்பரை மாற்றத்தைத் தேடும் சோதனை) தேவையா என்று கேட்க வேண்டும். அடுத்த முறை போகும்போது, அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சோதனையை முதலில் நோய் வந்தவருக்குத்தான் செய்வார்கள். மாற்றம் இருப்பது தெரிந்தால் பிறகு உங்களுக்கும், உங்கள் அக்கா தங்கை அண்ணன் தம்பிக்கும்.